நான்கு சுவர்களும் ஒரு ஜன்னலும்

சிறிய அறை என்றால் வெள்ளை அடித்துவிடுங்கள், அப்போதுதான் பெரிதாகத் தெரியும் என்ற யோசனை பெயின்ட் கடைக்காரர் முதல் கிரகப்பிரவேசத்துக்கு வந்துபோகும் உறவினர் வரை எல்லோர் வாயிலிருந்தும் வருகிறது. பல காலமாகப் பலரும் சொல்லி வந்ததாலேயே அதற்கு ஒரு சாஸ்திரத்தின் அந்தஸ்தும் கிடைத்துவிட்டது. அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஓர் அறைக்கு வர்ணம் தேர்ந்தெடுக்கும்போது, அது எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்ற கேள்வியை முதலில் வைப்பதே முறையல்ல என்பது என் அபிப்பிராயம். பத்துக்குப் பத்து அறையில் வசிப்பவருக்கு அது பத்துக்குப் பத்து என்பது தெரியும். குடியேறி இரண்டு வாரம் ஆன பிறகு எந்த வர்ணமும் அவரை வேறு விதமாக நம்ப வைக்காது. காலையில் கண் விழிக்கும்போது கூசாமல் இருப்பதும், பிற்பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் வாசிக்க முடிவதும், இரவில் அந்த நான்கு சுவர்களுக்குள் மனம் அடங்கி ஓய்வதும்தான் அவருக்கு வேண்டிய விஷயங்கள். இவை அனைத்தும் அந்த அறைக்குள் வெளிச்சம் எங்கிருந்து, எந்த நேரத்தில், என்ன நிறத்தோடு வருகிறது என்பதைப் பொறுத்தவை. சுவரின் வர்ணம் அந்த வெளிச்சத்தைப் பேணுவதற்கு ஏற்பட்ட சாதனம்.

வெள்ளைக்கு நம்மிடையே இருக்கும் மதிப்பு காரணமில்லாமல் வந்ததன்று. தஞ்சைப் பக்கத்து அக்கிரகார வீடுகளில் ஒரு பகல்பொழுதேனும் தங்கியவர்களுக்கு அதன் காரணம் தானாகவே விளங்கியிருக்கும். வீதி ஓரத்தில் அகலம் குறுகி, உள்ளே கட்டுக்கட்டாக நீண்டு செல்லும் அந்த வீடுகளின் பக்கச் சுவர்கள் அடுத்த வீட்டோடு ஒட்டியவையாதலால், அவற்றில் ஜன்னல் வைக்க வழியில்லை. ஆகாயத்திலிருந்து முற்றத்தில் இறங்கும் வெளிச்சம் ஒன்றுதான் அந்த வீட்டுக்குப் பகல். அந்த வெளிச்சத்தைத் தாழ்வாரத்துக்கும் கூடத்துக்கும், கூடத்தை ஒட்டிய சிறிய உள்ளறைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு சுவரில் அடித்த சுண்ணாம்புக்கு இருந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, அதன் பழுப்பு தெரியாமலிருக்கச் சிறிது நீலம் கலந்து, பொங்கலுக்கு முன் நார் மட்டையால் அடித்தார்கள். அந்தச் சுண்ணாம்பு தன் காரத்தால் பூஞ்சையைத் தடுத்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிச் சுவர்மேலேயே மறுபடி கல்லாக இறுகியது. சுவருக்குள் இருந்த ஈரம் வெளியேறவும் இடம் கொடுத்தது. செட்டிநாட்டு மாளிகைகளில் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கரு முதலியவற்றைச் சேர்த்து இழைத்த சுவர்கள் இன்றும் மினுமினுக்கின்றன.

ஆக, வெள்ளை அந்த வீடுகளில் முற்றத்தோடு சேர்ந்து வேலை செய்தது. முற்றத்தை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். திருப்பி அனுப்புவதற்கு வெளிச்சம் வராத இடத்தில் வெள்ளைச் சுவர் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். மூலைகளில் அது அழுக்காகவும் தெரியும். புதிதாக அடித்த மறுவாரமே சுவர் பழசாகிவிட்டது என்று பலர் பெயின்டரைக் குறை சொல்வதன் காரணம் இதுதான்.

இன்றைய அடுக்குமாடி வீட்டின் அறையை எடுத்துக்கொள்வோம். வசிக்கும் அறை ஒன்றே ஒன்றானால் அது 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, உயரம் 2.75 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு வகுத்திருக்கும் எல்லை. நம் கணக்கில் அது ஏறத்தாழ நூற்றிரண்டு சதுர அடி, ஒன்பதடி உயரம். அதற்கு ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்கு வெளியே, நகரத்தில், பெரும்பாலும் அடுத்த கட்டடத்தின் சுவர். அதாவது, அறைக்குள் வருவது நேரான ஆகாய வெளிச்சமன்று. அயல்வீட்டுச் சுவரில் பட்டு, அதன் நிறத்தைச் சுமந்துகொண்டு வரும் வெளிச்சம்.

மயிலாப்பூரில் எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவரின் வீட்டில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். வயது முதிர்ந்த பாட்டி படுத்திருக்கும் உள்ளறைக்குத் தூய வெள்ளை அடித்திருந்தார்கள். ஐந்தடிச் சந்துக்கு அப்பால் இருந்த கட்டடமும் வெள்ளையாகவே இருந்தவரையில் அறை நன்றாகத்தான் இருந்தது. ஒரு தீபாவளிக்கு முன் அந்தக் கட்டடத்துக்காரர் தம் சுவருக்குக் கிளிப்பச்சை அடித்தார். அன்று முதல், சந்தில் வெயில் இறங்கும் பத்து மணியிலிருந்து நண்பகல் தாண்டும் வரை, அறையின் சுவர்களில் வெளிறிய ஒரு பச்சை படர்ந்தது. படுத்திருந்த பாட்டியின் முகத்திலும் அதே பச்சை படர்ந்து, உடம்புக்கு என்னவோ ஏதோ என்று வீட்டார் கவலைப்படும் அளவுக்கு ஆயிற்று. கடைசியில், பழகிய பெயின்டர் ஒருவர் அறைச் சுவருக்கு ரோஜாச் சாயல் மிகவும் லேசாகக் கலந்த தந்த நிறத்தை அடித்துக் கொடுத்தார். பச்சைக்கு எதிர்நிறம் சிவப்பு. அந்த லேசான சிவப்பு உள்ளே வந்த பச்சையைச் சமன்செய்துவிட்டது. அந்த அறையில் இப்போது நிற்பவர்களுக்குச் சுவர் ரோஜாவாகவும் தெரிவதில்லை, பச்சையாகவும் தெரிவதில்லை. பாட்டியின் முகம் மட்டும் பழையபடி தெரிகிறது. எந்தக் கடையின் ஷேடு கார்டும் இதைச் சொல்லியிருக்காது.

ஷேடு கார்டைப் பற்றி இன்னும் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறிய அறைகளில் நேரும் ஏமாற்றங்களில் பெரும்பங்கு அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. பத்தடிக்குப் பத்தடி, ஒன்பதடி உயரமுள்ள அறையில் தரை நூறு சதுர அடி. நான்கு சுவர்களும் சேர்ந்து 360. கதவுக்கும் ஜன்னலுக்கும் நாற்பது கழித்தாலும், நடமாடும் இடத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் வர்ணம் நம்மைச் சூழ்ந்து நிற்கிறது. பெரிய கூடத்தில் ஒரு சுவரிலிருந்து புறப்படும் வெளிச்சம் எதிர்ச்சுவரை அடைவதற்குள் பரந்து தணிந்துவிடும். சிறிய அறையில் அது உடனே எதிர்ச்சுவரில் பட்டு, மீண்டும் இந்தச் சுவருக்கு வந்து, இப்படியே பல முறை போய் வருகிறது. விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பது பங்கைத் திருப்பித் தரும் வர்ணமானால் மூன்று முறை பட்டுத் திரும்பிய பிறகும் பாதிக்குச் சற்று மேல் எஞ்சும். ஐம்பது பங்கைத் திருப்பித் தரும் வர்ணமானால் எட்டில் ஒரு பங்குதான் எஞ்சும். இவ்வாறு திரும்பும் ஒவ்வொரு முறையும் வெளிச்சம் அந்தச் சுவரின் நிறத்தில் மேலும் தோய்ந்து வருவதால், கார்டில் இளமஞ்சளாகக் கண்டது அறையில் மாம்பழ மஞ்சளாகிறது; கார்டில் சாதுவாக இருந்த இளநீலம் சுவரேறியதும் கண்ணை உறுத்துகிறது. எனவே மனத்துக்குப் பிடித்த நிறத்தை எடுத்துக்கொண்டு, அதே வரிசையில் அதைவிட ஒன்றிரண்டு படி வெளிறியதை வாங்குவதே சிறிய அறைக்குப் பொருத்தம். எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்ற எண்ணைச் சில கம்பெனிகள் கார்டிலேயே அச்சிடுகின்றன; அது அறுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடையில் இருக்கும் நிறங்கள், ஜன்னல் சுமாராக உள்ள அறைகளில் கண்கூசாமலும் இருளாமலும் நின்று பயன் தருகின்றன என்பது நான் பல வீடுகளில் கண்ட அனுபவம்.

பட்டுப்புடவை எடுக்கப்போகும் நம் பெண்கள், மயில்கழுத்தோ அரக்கோ, கடைக்குள் எரியும் விளக்கை நம்பாமல் புடவையை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்கிறார்கள். சில வருஷங்களுக்கு ஒரு முறை உடுத்திப் பார்க்கும் புடவைக்குக் காட்டும் இந்த விவேகத்தை, தினமும் கண்ணில் படும் சுவருக்குக் காட்டுவதில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. சிறு டப்பா ஒன்றை வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி பரப்பில், இரண்டு கோட் அடித்துக் காயவிட்டுப் பார்க்க வேண்டும். எமல்ஷன் ஈரத்தில் இருப்பதைவிடக் காய்ந்த பின் ஒரு சாயல் கூடுதலாகத் தெரியும், சுண்ணாம்போ காயக் காய வெளுக்கும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒன்றும், ஜன்னல் இருக்கும் சுவரிலேயே ஒன்றுமாக இரண்டு இடங்களில் அடித்துப் பார்ப்பது அவசியம். அறையில் மிகவும் இருண்ட சுவர் எது என்று கேட்டால் பலர் ஜன்னலுக்குத் தூரமான சுவரைக் காட்டுவார்கள். உண்மையில் அது ஜன்னலே இருக்கும் சுவர்தான். அதன்மேல் நேராக வெளிச்சம் விழுவதில்லை, பக்கத்தில் ஜன்னலின் பிரகாசம் வேறு; இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் அந்தச் சுவர் கறுத்துத் தோன்றிக் கண்ணைக் களைப்படையச் செய்கிறது. பழைய வீடுகளில் ஒன்றரையடி கனமுள்ள சுவரில் ஜன்னல் வைத்து, அதன் உட்பக்கங்களை வெளிவாங்கிச் சரித்து வெள்ளை அடித்தார்களே, அது வெளிப் பிரகாசத்தையும் உள்ளிருளையும் படிப்படியாக இணைப்பதற்குச் செய்த ஏற்பாடு. இன்றைய மெல்லிய சுவரில் அந்தச் சரிவுக்கு இடமில்லை. ஆகவே இருப்பவற்றில் மிக வெளிறிய நிறம் ஜன்னல் சுவருக்குப் போக வேண்டும். அழுத்தமான நிறம் ஒன்று வேண்டுமென்று ஆசைப்பட்டால், நேர் வெளிச்சம் கிடைக்கும் எதிர்ச்சுவர் அதைத் தாங்கும்.

வடக்கு ஜன்னல் உள்ள அறைக்குக் குளிர்ந்த நீல வெளிச்சம்தான் வரும், ஆகையால் மஞ்சள் அடியுங்கள் என்று ஆங்கிலப் புத்தகங்கள் சொல்கின்றன. லண்டனுக்கு அது சரி. நண்பகல் சூரியன் என்றும் தெற்கிலேயே நிற்கும் தேசம் அது. பதின்மூன்று பாகை அட்சரேகையில் இருக்கும் சென்னையில், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னலிலும் சாய்வெயில் விழுகிறது. வருஷத்திலேயே வெப்பம் உச்சத்தில் இருக்கும் காலத்தில் மஞ்சள் வெயிலும் மஞ்சள் சுவரும் சேர்ந்தால் அறைக்குள் இருப்பவர் பாடு எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு ஜன்னல் அறைக்குப் பச்சையும் நீலமும் மிகவும் வெளிறிய சாயலில் இதம் தருகின்றன. கிழக்கு அறைக்கு அநேகமாக எதுவும் பொருந்தும்.

பகலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் வேலைக்குப் போகிறவர்களின் படுக்கையறை பகலெல்லாம் பூட்டிக் கிடக்கிறது, அவர்கள் அதைக் காண்பது விளக்கில்தான். நம் வீடுகளில் பழக்கத்தால் வாங்கும் விளக்கு 6500 கெல்வின் என்று அட்டையில் அச்சிட்ட, நீலம் கலந்த வெள்ளை விளக்கு. அதன் கீழ் சந்தன நிறம் சோகை பிடிக்கிறது. அதே சுவரை 3000 கெல்வின் விளக்கில் பார்த்தால் சந்தனம் சந்தனமாகவே இருக்கிறது. வர்ணத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு விளக்கைப் பற்றி ஒரு நிமிஷமும் யோசிக்காமல் விடுவது நியாயமன்று. அந்தி மங்கும் வேளைக்கும் ஒரு விசேஷம் உண்டு: வெளிச்சம் குறையக் குறையச் சிவப்பு முதலில் கறுத்துவிடும், நீலமும் பச்சையும் நெடுநேரம் துலங்கி நிற்கும். இதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கவனித்துச் சொன்ன செக் விஞ்ஞானி புர்க்கின்யேயின் பெயராலேயே அது வழங்கி வருகிறது. மாலையில் விளக்கேற்றுவதற்கு முன் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் வழக்கமுள்ளவர்கள், காவியையும் அரக்கையும் தவிர்த்து வெளிறிய நீலப்பச்சையைத் தேர்ந்தால் அந்த நேரத்தின் அருமை கூடும்.

சுவர் தனியாக நிற்பதுமில்லை. பாரிஸில் கோபெலின் நெசவுச்சாலையின் சாயப்பகுதிக்குத் தலைமை வகித்த ஷெவ்ரொல் என்ற ரசாயன நிபுணரிடம், கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்று புகார் வந்தபோது, அவர் ஆராய்ந்து கண்டது சாயத்தில் பழுதில்லை, அதன் அருகில் வைத்த நிறங்களே அதை மங்கச் செய்கின்றன என்பதுதான். 1839இல் அதைப் பெரிய நூலாகவே எழுதி வெளியிட்டார். நம் வீட்டுக்கு வந்தால் இதன் பொருள் எளியது. தேக்குக் கதவின் பக்கத்தில் இளம்பச்சை இன்னும் பச்சையாகும். தேக்குக் கதவின் பக்கத்தில் இளம்பச்சை இன்னும் பச்சையாகும். கதவு, தரை, பீரோ, கட்டில், இவற்றில் மாற்ற முடியாதது எதுவோ அதை முதலில் பார்த்து, அதற்கு இசைவாகச் சுவரைத் தேர்ந்தெடுப்பதே கிரமம்.

சுவரின் அடியில் நாலடி உயரத்துக்குக் கருநீலமோ கரும்பச்சையோ எண்ணெய் வர்ணம் அடித்து, மேலே வெளிர்நிறம் விடும் வழக்கம் பள்ளிக்கூடங்களிலும் பழைய வீடுகளிலும் இருந்தது. எண்ணெய் தேய்த்த தலையைச் சுவரில் சாய்த்து உட்காரும் நமக்கு அது பிரயோஜனமானதுதான். ஆனால் ஒன்பதடிச் சுவரை அது இரண்டாக வெட்டிவிடுகிறது. கண் அந்தக் கோட்டில் போய் நின்று அளக்கத் தொடங்குகிறது. இப்போது கழுவக்கூடிய எமல்ஷன் கிடைப்பதால் அந்தக் கோடு தேவையில்லை. சுவரும் கூரையும் ஒரே நிறமாகவோ, கூரை அதே நிறத்தின் வெளிறிய சாயலாகவோ இருந்தால், எல்லைகள் தெளிவாகத் தெரியாமல் அறை அமைதி பெறுகிறது. வயதானவர் இருக்கும் அறையில் மட்டும் இதற்கு விலக்கு வேண்டும். முதுமையில் கண்ணின் வில்லை மஞ்சளித்து, நிறங்களுக்குள் பேதம் காண்பது கடினமாகிறது. கதவுநிலையும் சுவிட்சுப் பலகையும் குளியலறை வாசலும் சுவரிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும்படி அழுத்தமான நிறத்தில் இருக்க வேண்டும். இரவில் எழுந்து நடக்கும் ஒரு முதியவர் விழாமல் இருப்பது, அறை விசாலமாகத் தோன்றுவதைவிடப் பெரிய காரியம்.

சிறிய அறை என்றாலே வெளிர்நிறம்தான் என்பதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நம் கோயில்களின் கருவறை மிகச் சிறியது, இருண்டது, அங்கே ஒரு விளக்குச் சுடரில் மனம் ஒடுங்கும் ஒடுக்கம் ஆயிரங்கால் மண்டபத்தில் வருவதில்லை. பூஜையறைக்கும், இரவில் மட்டும் புழங்கும் வாசிப்பறைக்கும் ஆழ்ந்த நிறம் அடித்தால் மூலைகள் மறைந்து, விளக்கு விழும் இடம் மட்டும் உலகமாகிறது. சண்டிகருக்குத் திட்டம் வகுத்த லெ கார்பூசியே, 1925இல் எழுதிய நூலில் எல்லா வீட்டுச் சுவர்களுக்கும் வெள்ளை அடிக்கச் சட்டமே வேண்டும் என்று வாதாடினார். அவரே 1931இல் ஒரு சுவர்த்தாள் கம்பெனிக்காக 43 நிறங்களைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திக் கொடுத்தார். வெள்ளையின் வலிமையை முழுதும் அறிந்த ஒருவர் அதோடு நிறைவடையவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

பளபளப்பைப் பற்றி ஒரு வார்த்தை போதும்: பட்டி சரியாகப் பார்க்காத சுவரில் பளபளக்கும் வர்ணம் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும், சிறிய அறையில் சுவர் கண்ணுக்கு அருகிலேயே இருப்பதால் அது மேலும் உறுத்தும். ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவருக்கோ எந்த நிறமும் பரிகாரமில்லை. நீர் வரும் வழியை அடைத்த பிறகுதான் வர்ணம்.

நிறத்தைவிட முக்கியமான ஒன்று குழந்தைகள் உள்ள வீட்டில் இருக்கிறது. வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதி வகுத்து, 2017 நவம்பர் முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பழைய ஜன்னல் கம்பிகளிலும் கதவுகளிலும் இன்னும் இருக்கிறது. புது வர்ணம் அடிப்பதற்காக அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூசி, அந்தச் சிறிய அறையில் தரையிலும் பாயிலும் படிந்து, தவழும் குழந்தையின் கையோடு வாய்க்குப் போகிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து ஈரத்துணியால் துடைத்தெடுக்கும் வரை குழந்தையை அந்த அறைக்குள் விடாதீர்கள். தேய்ப்பவரும் தூசியை வடிகட்டும் முகக்கவசம் அணியும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அவர் இதைத் தினமும் சுவாசிக்கிறார்.

இனி, தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்வி. பகலில் அந்த அறையில் அதிக நேரம் இருப்பவர் எவரோ, அவர் கண்ணுக்கு இதமானதே அந்த அறைக்குரிய வர்ணம்; பெரும்பாலான வீடுகளில் அவரைக் கேட்பதில்லை. புதிதாகக் கட்டும் குடியிருப்புகளிலோ வீட்டார் எவரையுமே கேட்பதில்லை. நூற்றுக்கணக்கான அறைகளுக்கு, ஜன்னல் எந்தத் திசையானாலும் எதிரே எந்தச் சுவரானாலும், ஒரே வர்ணத்தை அடித்துச் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சென்னைக் கண்ணகி நகரில் வெளிச்சுவர்களில் பெரிய பெரிய சித்திரங்கள் தீட்டி அந்த இடத்துக்குப் புது முகம் கொடுத்தார்கள். அந்த அக்கறை உள்சுவர்களுக்கும் கிடைக்க வேண்டும். தமிழ்நாடு வீட்டு வசதி வாரியமும், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமும், தனியார் கட்டுநர்களும் பட்டியும் பிரைமரும் முடித்து வீட்டைக் கொடுக்கட்டும். எமல்ஷனுக்கும் கூலிக்கும் உரிய தொகையைக் குடியேறுபவரிடம் ஒப்படைத்து, ஒரு மாதம் வசித்துப் பார்த்த பிறகு அவர் வர்ணம் அடித்துக்கொள்ள அனுமதிக்கட்டும். சாமான்களை நகர்த்தும் சிரமம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நூறு சதுர அடி அறைக்கு அது இரண்டு நாள் வேலை. அந்த ஒரு மாதத்துக்குள், எந்தச் சுவரில் எந்த மணிக்கு வெயில் விழுகிறது, எந்த மூலையில் குழந்தை புத்தகத்தோடு உட்காருகிறது என்பது அந்த வீட்டு அம்மாளுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு ஷேடு கார்டை அவர் கையில் கொடுக்கலாம்.